பேயைப் பார்ப்பவர் யார்?

திகில் இலக்கியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், பேயைக் காட்டாமல் விடுவதே கலை என்றும், காட்டிவிட்டால் கதை மலிந்துபோகும் என்றும் ஒரு தீர்ப்பு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அண்மையில் வாசித்த சில மிகுபுனைவு (ஃபேன்டஸி), திகில் நாவல்களையும் காமிக்ஸ் தொகுப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், அந்தத் தீர்ப்பில் பாதிதான் உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. காட்டுவதா மறைப்பதா என்ற கேள்விக்கு முன்பாகவே ஆசிரியர் இன்னொன்றைத் தீர்மானித்து விடுகிறார்: அந்த விபரீதத்தைப் பார்க்கப் போகிறவர் யார், அவர் எப்படிப்பட்டவர் என்பதை. மற்றதெல்லாம் அதைப் பின்தொடர்ந்து வருகிறது. கதை முடிவுகளைக் கூடுமானவரை தவிர்த்திருக்கிறேன்; எமிலி கரோல் என்ற காமிக்ஸ் படைப்பாளரின் ஒரு கதையைப் பற்றிய இடத்தில் மட்டும் அது இயலவில்லை.

முதலில் ஷெர்லி ஜாக்சன் 1959-இல் வெளியிட்ட ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’. பேய் வீடு ஒன்றை ஆராய விரும்பும் மான்டேகு என்ற முனைவர், அமானுஷ்ய அனுபவம் உடையவர்கள் என்று கேள்விப்பட்ட சிலரை அங்கே வந்து தங்குமாறு அழைக்கிறார். வருபவர்களில் எலினார் வான்ஸுக்கு வயது 32. நோயுற்ற தாயைப் பதினோரு ஆண்டுகள் பராமரித்ததிலேயே இளமை கழிந்து, தாய் இறந்தபின் அக்காள் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பவள். அக்காளுக்கும் தனக்கும் பொதுவான காரை, அக்காள் மறுத்தபோதும், சொல்லாமல் எடுத்துக்கொண்டு புறப்படுகிறாள். அந்தப் பயணத்தை ஜாக்சன் பல பக்கங்களுக்கு நீட்டுகிறார். வழியில் தென்படும் ஒவ்வொரு வீட்டிலும் தான் வாழ்ந்துவிட்டதாக எலினார் கற்பனை செய்கிறாள். வாசலில் கல் சிங்கங்கள் நிற்கும் ஒரு வீட்டில் ஆயுள் முழுவதையும் மனத்துக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கிறாள். உணவு விடுதியில் ஒரு சிறுமி, அடியில் நட்சத்திரங்கள் வரைந்த தன் வீட்டுக் குவளையில் தந்தால்தான் பால் குடிப்பேன் என்று அடம்பிடிக்க, விட்டுக்கொடுத்துவிடாதே என்று எலினார் மனத்துக்குள் அவளிடம் மன்றாடுகிறாள்.

பேய்க் கதையை எதிர்பார்த்து வந்த வாசகர் இந்தப் பக்கங்களைப் பொறுமையின்றிப் புரட்டக்கூடும். என் பார்வையில் நாவலின் மிக முக்கியமான பகுதி இதுதான். தனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்ற பசியோடு ஒருத்தி வருகிறாள். அவளை ஏற்றுக்கொள்ள ஒரு வீடு காத்திருக்கிறது. அந்த வீட்டின் கோணங்கள் அனைத்தும் சற்றே பிசகிக் கட்டப்பட்டவை, கதவுகள் தாமாகவே சாத்திக்கொள்பவை. இரவில் கதவுகளை எதுவோ இடிக்கும் காட்சியில், இடிப்பது எது என்பதை ஜாக்சன் கடைசிவரை சொல்வதில்லை. இருட்டில் ஒரு குழந்தையின் முனகலைக் கேட்டபடி எலினார் பக்கத்துப் படுக்கையில் இருக்கும் தியடோராவின் கையை இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறாள். விளக்கு எரிந்ததும் தியடோரா எட்டாத தொலைவில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அந்தக் கை யாருடையது என்ற கேள்வி நம்மை உலுக்குவதற்குக் காரணம் பேய் மறைந்திருப்பது மட்டுமல்ல. பற்றிக்கொள்ள ஒரு கை கிடைத்ததே என்று எலினார் அடைந்த ஆறுதலை நாமும் சேர்ந்தே அடைந்திருந்தோம் என்பதுதான். பிற்பகுதியில் வந்துசேரும் முனைவரின் மனைவி, பலகையை வைத்துக்கொண்டு ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லும் பெருமிதக்காரி. அவரைக் கொண்டு ஜாக்சன் செய்யும் நகைச்சுவை சிலருக்கு நாவலின் இறுக்கத்தைக் குலைப்பதாகத் தோன்றலாம். பேயை நம்புகிறவரை வீடு சீண்டாமல் விட்டுவிட்டு, அன்புக்கு ஏங்குகிறவளை மட்டும் தேர்ந்தெடுக்கிறது என்பதைக் காட்ட அவர் தேவைப்படுகிறார் என்றே நான் நினைக்கிறேன்.

உர்சுலா லெ குவினின் ‘தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ (1971) மிகுபுனைவு என்ற அலமாரியில்தான் இருக்கும். ஆனால் அதன் முதல் பாதியைத் திகில் கதையாகவே வாசிக்கலாம். ஐந்து வயதில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட டெனார், பெயரற்ற தெய்வங்களின் தலைமைப் பூசாரிணியாக வளர்க்கப்படுகிறாள்; அவளுடைய பெயரும் பறிக்கப்பட்டு, விழுங்கப்பட்டவள் என்னும் பொருள்படும் அர்ஹா என்ற பெயர் தரப்படுகிறது. கோயிலுக்கு அடியில் உள்ள குகைக்குள் விளக்கைக் கொண்டுசெல்வது பெரும் பாவம். ஆகவே அவள் தன் ஆட்சிப்பரப்பு முழுவதையும் விரல் நுனியாலும் எண்ணிக்கையாலும் மட்டுமே அறிந்திருக்கிறாள்: இடப்பக்கம் எத்தனை திறப்புகளைக் கடந்தபின் திரும்ப வேண்டும், எந்தச் சுவர் முடிந்ததும் எந்தக் குழி தொடங்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வாசகருக்கும் நாவலின் நெடும்பகுதியில் பார்வை என்பதே இல்லை, ஒலியும் தொடுகையும்தான். பிறகு ஒரு நாள் மந்திரவாதியான கெட் திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்து, தன் கோலின் நுனியில் ஒளியை ஏற்றியிருக்கிறான். தான் தடவித் தடவி அறிந்திருந்த குகையின் கூரையும் சுவர்களும் படிகங்களால் பளபளப்பதை அவள் வாழ்நாளில் முதல் முறையாகப் பார்க்கிறாள். காட்டுவது மலிவு என்பவர்கள் இந்தப் பக்கத்தை வாசிக்க வேண்டும். இங்கே காட்டப்படுவது பயங்கரம் அன்று, அழகு. ஆயினும் அவளுக்கு அது பேயைவிடப் பெரிய அதிர்ச்சி, ஏனெனில் அவள் காத்துவந்த விலக்கின் முழு அர்த்தமும் அந்த ஒளியில் ஆட்டம் கண்டுவிடுகிறது. நாவலின் கடைசிப் பகுதி சற்று அவசரமாக ஓடுவதாக எனக்குப் பட்டது. விடுதலையானவளின் குழப்பத்துக்கு இன்னும் சில பக்கங்கள் தந்திருக்கலாம்.

சூசன்னா கிளார்க்கின் ‘பிரனேசி’ (2020), அடுத்த ஆண்டு பெண்களுக்கான புனைவுப் பரிசைப் பெற்ற நாவல். எண்ணற்ற மண்டபங்களும் சிலைகளும் கொண்ட ஒரு மாளிகையே அங்கு உலகம். கீழ்த்தளத்தில் கடல் அலைகள், மேல்தளத்தில் மேகங்கள். இதில் வாழும் கதைசொல்லி அலைகளின் கால அட்டவணையைக் கணித்து வைத்திருப்பவன், இறந்தவர்களின் எலும்புகளுக்கு மரியாதை செய்பவன், குளிர்காலத்துக்கென்று உலர்த்தி வைத்த கடற்பாசியை ஆல்பட்ராஸ் பறவைகள் கூடு கட்ட எடுத்துக்கொடுப்பவன். வாரத்துக்கு இருமுறை அவனைச் சந்திக்க வரும், ‘மற்றவர்’ என்று அவன் அழைக்கும் மனிதரிடம் ஏதோ வஞ்சகம் இருப்பது நமக்கு முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிடுகிறது, அவனுக்குத் தெரிவதில்லை. அந்த இடைவெளிதான் நாவலின் அச்சம் முழுவதும். தன் உலகத்தை இவ்வளவு நேசிக்கிற ஒருவனை எச்சரிக்கவே மனம் வராதபடி கிளார்க் எழுதியிருக்கிறார். என் குறை பிற்பாதியைப் பற்றியது. பழைய நாட்குறிப்புகள் வழியாக மர்மம் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கப்படும் பகுதியில், அதுவரை கண்ட மண்டபங்களின் பிரம்மாண்டம் ஒரு துப்பறியும் கதையின் அளவுக்குச் சுருங்கிப்போகிறது. விளக்கம் நேர்மையானதுதான், ஓட்டை எதுவும் இல்லை. எனக்கு அவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை.

காமிக்ஸுக்கு வரும்போது சிக்கலே மாறிவிடுகிறது. உரைநடையில் ஒரு சொல்லைத் தவிர்த்தால் போதும். சித்திரத்திலோ கட்டத்துக்குள் ஏதாவது ஒன்றை வரைந்தே தீர வேண்டும். ஜூன்ஜி இட்டோ இந்தச் சிக்கலை எதிர்கொள்ளும் விதம், எதையுமே மறைக்காமல் இருப்பது. 1998 முதல் 1999 வரை ஜப்பானிய வார இதழ் ஒன்றில் தொடராக வந்த அவருடைய ‘உசுமாகி’யில், குரோசு என்ற சிற்றூரைச் சுருள் வடிவம் பீடிக்கிறது. ஒரு மனிதர் நத்தை ஓடுகளையும் சுருள் பொருள்களையும் வெறியோடு சேகரிக்கத் தொடங்கி, ஒரு கட்டத்தில் தம் உடலையே சுருளாக்கிக்கொள்கிறார். அதைக் கண்ட அவருடைய மனைவிக்குச் சுருள் என்றாலே பீதி. தலைமுடியை மழித்துக்கொள்கிறார், விரல் ரேகைகளைக்கூட விட்டுவைப்பதில்லை. காதுக்கு உள்ளேயும் ஒரு சுருள் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று மகன் பதறும் அத்தியாயம், நான் வாசித்த திகில் சித்திரங்களிலேயே மிகக் கொடியது.

இட்டோ ஓவியராவதற்கு முன் பல் தொழில்நுட்பராக வேலை பார்த்தவர். அந்தக் கையின் பழக்கம்தானோ என்னவோ, அவருடைய கோடுகளில் பதற்றமே இல்லை. எவ்வளவு அருவருப்பான உருமாற்றத்தையும் மெல்லிய இழைக்கோடுகளால் நிதானமாக, சந்தேகத்துக்கு இடமின்றி வரைந்து முடிக்கிறார். அவற்றைப் பார்க்கும் கிரியே என்ற பள்ளி மாணவியும் அதே நிதானம் உடையவள்: நடந்ததைச் சாட்சி சொல்வதுபோல் எடுத்துரைக்கிறாள். காட்டுவது மலிவாகாமல் இருப்பது இந்தச் சாட்சியால்தான். ஆனால் அவளுடைய நிதானமே நடுப்பகுதியில் பலவீனமாகவும் மாறுகிறது. வகுப்புத் தோழன் கண்ணெதிரே நத்தையாக ஊர்ந்துபோன பிறகும் அடுத்த அத்தியாயத்தில் ஊர் வழக்கம்போல் இயங்குகிறது; இவள் குடும்பமும் ஊரை விட்டுக் கிளம்புவதாக இல்லை. தொடர்கதையின் வசதிக்காகச் செய்யப்பட்டது என்று புரிகிறது. இறுதி அத்தியாயங்களில் ஊரை விட்டு எவரும் வெளியேற முடியாத நிலை உருவாகி, தனித்தனிக் கதைகளாக இருந்தவை ஒரே பேரழிவாகத் திரளும்போது இந்தக் குறை மறந்துபோகிறது.

மைக் மிக்னோலா நேர் எதிர்த் திசையில் செல்பவர். 1994-இல் டார்க் ஹார்ஸ் பதிப்பகம் வழியாகத் தொடங்கிய அவருடைய ‘ஹெல்பாய்’ கதைகளில், பக்கத்தின் பெரும்பகுதியைக் கறுப்பு மை விழுங்கிவிடுகிறது. ஒரு கல் முகமும் ஒரு கையும் மட்டும் வெளிச்சத்தில் மிஞ்சும். நரகத்திலிருந்து வந்த சிவப்பு நிறத்து நாயகனோ எதைக் கண்டும் பெரிதாக அஞ்சுவதில்லை. வேலைக்கு வந்த மின்பணியாளர் பழுதான கம்பியைப் பார்ப்பதுபோல் பேய்களைச் சலிப்போடு பார்க்கிறான். எனவே இவற்றில் அச்சம் குறைவு, நாட்டார் கதையின் சுவை மிகுதி. அயர்லாந்தில் 1959-இல் நடக்கும் ‘தி கார்ப்ஸ்’ என்ற சிறுகதையில், களவுபோன குழந்தையை மீட்பதற்கு விலையாக, ஒரு பிணத்தை விடிவதற்குள் புனித மண்ணில் புதைக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஹெல்பாய் ஏற்கிறான். பிணமோ முதுகில் தொற்றிக்கொண்டு பேசிக்கொண்டே வருகிறது. போகிற இடுகாடுகள் எல்லாம் இடமில்லை என்று துரத்துகின்றன. இது அயர்லாந்து நாட்டார் கதை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் அம்புலிமாமா படித்து வளர்ந்த எவருக்கும், ஓவியர் சங்கர் வரைந்த, தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் விக்கிரமாதித்தன் கண்முன் வராமல் இருக்க மாட்டான். நம் வேதாளம் நீதிக்கேள்வி கேட்கும். அயர்லாந்துப் பிணம் குறை மட்டுமே சொல்லும். உலகின் முடிவு, அரக்கர்களின் வாரிசுரிமை என்று நீளும் ஹெல்பாயின் பெருங்கதையைவிட, இத்தகைய சிறுகதைகளில்தான் மிக்னோலா முழுமையாக வெளிப்படுகிறார் என்பது என் கருத்து. பெருங்கதையில் தீர்க்கதரிசனங்களின் சுமை கூடிக்கொண்டே போகிறது.

கனடாவைச் சேர்ந்த எமிலி கரோலின் ‘த்ரூ த வுட்ஸ்’ (2014) ஐந்து கதைகளின் தொகுப்பு. அவற்றுள் ‘ஹிஸ் ஃபேஸ் ஆல் ரெட்’ முதலில் 2010-இல் இணையத்தில் வெளிவந்தது. அண்ணனைக் காட்டில் கொன்றுவிட்டுத் திரும்பியவனின் முன், சில நாள் கழித்து அதே அண்ணன் காயமின்றிக் காட்டிலிருந்து வந்து நிற்கிறான். கொன்றவனைத் தவிர வேறு எவருக்கும் அதில் வியப்பில்லை, அவனோ வாய் திறக்க முடியாது. இப்படிப்பட்ட ஒருவனைச் சாட்சியாக வைத்துவிட்டால் பேய்க்குத் தனியாக வேலை எதுவும் இருப்பதில்லை. உண்மையை அறிய அவன் பிணத்தை வீசிய குழிக்குள் இறங்கும் இடத்தை, திரையில் நாம் கீழே உருட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும்படி கரோல் அமைத்திருந்தார். இறங்குவது நம் விரலாகவும் இருந்தது. அச்சில் அது பக்கம் திருப்புவதாக மாறியிருக்கிறது. வண்ணங்களும் கையெழுத்தும் தாளில் மேலும் அழகாக அமைந்திருந்தாலும், அந்த ஒரு கதையை மட்டும் இணையத்தில் வாசிப்பதே நல்லது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: அட்டுவானைப் பன்னிரண்டு வயதிலேயே தாராளமாகக் கொடுக்கலாம், ஹெல்பாயின் சிறுகதைகளை அதற்குச் சற்றுப் பிறகு. உசுமாகியில் மகப்பேறு மருத்துவமனையில் நடக்கும் அத்தியாயங்களைப் பெரியவர்களே சாப்பிட்ட கையோடு வாசிக்காமல் இருப்பது நலம்.