கொடிமலைச் சருகிலிருந்து ஒரு புதிய ரோவ் வண்டு வரை

பினாங்கு வருகிறவர்கள் ஆயர் ஈத்தாமில் ரயில் ஏறிக் கொடிமலைக்குப் போவது வழக்கம். சருகில் வாழும் ரோவ் வண்டுகளைத் தேடி, புதிய இனம் கிடைத்தால் விவரித்துப் பெயர் வைக்க நினைக்கிறவர்களுக்கு அது தோதுப்படாது. நடுவில் உள்ள காடெல்லாம் ஜன்னலோடு போய்விடும். தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கமாக வந்து, தாவரவியல் பூங்கா வாசலருகே தொடங்கும் ஜீப் சாலையில் நடந்து ஏறுங்கள். உச்சிக்குச் சுமார் 5 கி.மீ. தார் போட்ட சாலைதான், ஆனால் முழங்காலைப் பதம் பார்க்கும் ஏற்றம். அடிவாரத்தில் ஒரு மூட்டை, 400 மீட்டரில் ஒன்று, 700-க்கு மேல் ஒன்று என்று சருகு எடுத்தால், எந்த இனம் எந்த உயரத்தில் நின்றுவிடுகிறது என்பது தானாகத் தெரியும்.

தைப்பூச சமயத்தில் இந்த வேலைக்கு வராதீர்கள். தண்ணீர்மலைப் பக்கம் வாகனம் நுழையாது என்பது ஒரு காரணம். ஜனவரி, பிப்ரவரியில் சருகு அப்பளமாகக் காய்ந்திருக்கும், வண்டுகள் மண்ணுக்குள் இறங்கியிருக்கும் என்பது இன்னொன்று. கொட்டும் மழையும் உதவாது. நனைந்த சருகு சல்லடைக் கண்ணை அடைத்துவிடும், சின்ன வண்டுகள் இலையோடு ஒட்டிக்கொள்ளும். மழை விட்டு ஓரிரு நாள் கழித்து, கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. அதுதான் பதம்.

அனுமதி முதல் வேலை. கொடிமலை 2021-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். காப்புக் காட்டுக்குக் காட்டிலாகாவிடமும், தெலுக் பகாங் தேசியப் பூங்காவுக்கு வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தானிடமும் எழுதிக் கேட்க வேண்டும். உயிரியல் வளங்களை அணுகுவது பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. பின்னால் கட்டுரை அனுப்பும்போது பல ஆய்விதழ்கள் அனுமதி எண்ணைக் கேட்கும். அப்போது தேடிப் பயனில்லை.

ரோவ் வண்டுகளின் முன்சிறகு சட்டைபோலக் குட்டையாக நின்றுவிடும், வயிறு வெளியே தெரியும். விவரிக்கப்பட்ட இனங்களே 60,000-க்கு மேல். பினாங்குக்காரர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் ஒன்றே ஒன்று: வயல் பக்கமிருந்து அடுக்குமாடி விளக்குக்கு வரும் ஆரஞ்சும் கறுப்புமான ‘செமுட் சார்லி’. அதை நசுக்கினால் உடலிலுள்ள பெடரின் என்ற நஞ்சு தோலில் பட்டு, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துக் கோடு கோடாகப் புண் எழும். ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். காட்டுச் சருகில் கிடைப்பவை பெரும்பாலும் 2 முதல் 5 மி.மீ.; அந்த வம்பு இல்லாதவை. ஆனாலும் வாயால் உறிஞ்சும் குழாயில் இவற்றைப் பிடிக்க வேண்டாம். பல இனங்கள் காரமான ஆவியை விடும், பூஞ்சை வித்துகளும் நெஞ்சுக்குள் போகும். ரப்பர் குமிழ் வைத்த குழாயே நல்லது.

சல்லடைக்கு 8 மி.மீ. கண்ணுள்ள கம்பிவலை, ஹார்டுவேர் கடையில் வெட்டித் தருவார்கள். மரத்தடியில், விழுந்த கட்டையோரம், சருகு தடித்துக் கிடக்கும் இடத்தில் அள்ளிச் சலித்து, கீழே விழுகிற பொடியை மட்டும் துணிப்பையில் கட்டுங்கள். பையை முதுகுப்பைக்குள் வையுங்கள். பூங்கா வாசல் குரங்குகளுக்குக் கையில் தொங்கும் எந்தப் பையும் பலகாரப் பைதான்.

அறைக்கு வந்ததும் பொடியை வலைப்பைகளில் நிரப்பி, விங்க்லர் எனப்படும் தொங்கு துணிக்கூண்டுக்குள் மாட்டி, அடியில் 80% எத்தனால் ஊற்றிய குப்பியைக் கட்டவும். பொடி காயக் காய வண்டுகள் ஈரம் தேடி நகர்ந்து குப்பியில் விழும். 3 நாள் தொங்கட்டும். தினம் ஒருமுறை பொடியைக் கொட்டிக் கிளறி மறுபடி போடுங்கள். மாட்டும்போது கூண்டை உலுக்கினால் குப்பி முழுக்க மண்தான். டிஎன்ஏ வேண்டுமென்றால் 95% எத்தனால். சாயம் கலந்த ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம்.

சீட்டை அன்றிரவே எழுதிக் குப்பிக்குள் போடுங்கள்: நாடு, மாநிலம், இடம், ஆயத்தொலைவு, உயரம், தேதி, எடுத்த விதம், எடுத்தவர் பெயர். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது பழைய நல்ல பழக்கம். 3/5 என்று எழுதினால் மார்ச்சா மே மாதமா என்று பிற்பாடு யாரும் சொல்ல முடியாது. பென்சில் எத்தனாலில் அழியாது. லேசர் அச்சு சில சமயம் உரிந்து மிதக்கும்.

இனி மேசை வேலை. வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு இனங்களை இந்தக் குடும்பத்தில் பெரும்பாலும் பிரித்துக் காட்டுவது ஈடியேகஸ் எனப்படும் ஆணுறுப்புதான். வண்டை வெந்நீரில் ஒரு சொட்டு பாத்திரச் சோப்போடு மென்மையாக்கி, வயிற்றின் நுனிக் கண்டங்களைத் திறந்து, நுனி வளைத்த நுண்ணூசியால் அதை வெளியே எடுக்க வேண்டும். 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அறை வெப்பத்தில் சில மணி நேரம் கிடந்தால் தசை கரையும். அவசரப்பட்டுச் சூடாக்கினாலும், ஊறப்போட்டு மறந்தாலும், உறுப்பு கண்ணாடிபோல வெளுத்துக் கோணிவிடும். அதைப் பார்த்து வரைகிற படம் பொய்ப் படம். எடுத்ததும் நீரிலும் ஒரு சொட்டு அசெட்டிக் அமிலத்திலும் அலசி, கிளிசரினில் வைத்து அடிப்பக்கமும் பக்கவாட்டும் வரையுங்கள். கடைசியில் அது வண்டு இருக்கும் அதே ஊசியில்தான் போக வேண்டும். தனிக் குப்பியில் வைத்தால் எது எதனுடையது என்ற சந்தேகம் என்றைக்கும் தீராது.

அளவிலும் ஒரு சூது உண்டு. ரோவ் வண்டின் வயிறு தொலைநோக்கிக் குழல்போல உள்ளே இழுபடும், எத்தனாலில் நீளும். ஒரே வண்டே 3.2 என்றும் 4 மி.மீ. என்றும் அளவு காட்டலாம். ஆகவே தலையின் முன்விளிம்பிலிருந்து முன்சிறகின் கடைசி வரை உள்ள முன்னுடல் நீளத்தைக் கொடுங்கள். அதோடு தலை அகலம், முன்மார்பின் நீள அகலம்.

‘புதுசு’ என்று சொல்வதற்கு முன்னால் பழைய பெயர்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். உண்மையில் அதிக காலம் பிடிப்பது இதுதான். மலாயா வண்டுகளுக்கு நிறையப் பெயர் வைத்த மால்கம் கேமரனின் மாதிரிகள் லண்டனிலும், பெர்ன்ஹவரின் சேகரம் சிகாகோவிலும், ஃபோவெலின் சேகரம் பிரஸ்ஸல்ஸிலும் இருக்கின்றன. பழைய விவரணைகள் பல நாலு வரிதான். ஆணுறுப்பைப் பற்றி ஒரு சொல் இருக்காது. பெயர் வைத்தபோது ஆதாரமாகக் கொண்ட அந்த மூல மாதிரியையே பிரித்துப் பார்த்தால்தான் தீரும். டிஎன்ஏ பார்கோடு, அதாவது இனத்தை அடையாளம் காட்டும் சிறு டிஎன்ஏ துண்டு, ஒன்றை மட்டும் நம்பிப் பெயர் வைப்பது எங்களுக்கு ஒப்பாது. பழைய மூல மாதிரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒப்பிட்டுப் பார்க்க பார்கோடே கிடையாது.

எழுதும்போது விலங்குப் பெயரிடல் விதிகள் தெளிவாகக் கேட்பது சிலதான். புதிய இனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மற்றவற்றிலிருந்து பிரிக்கும் குணங்களைச் சொல்லால் எழுத வேண்டும். பெயருக்கு ஆதாரமான மூல மாதிரியைக் குறிக்க வேண்டும்; அது ஹோலோடைப் எனப்படும் ஒரே ஒரு மாதிரியாக இருப்பதே நல்லது. அது எந்தச் சேகரத்தில் இருக்கும் என்று சொல்ல வேண்டும். ஆணுறுப்பால் பிரியும் பேரினங்களில் பெண்ணை ஹோலோடைப்பாக வைப்பது பின்னால் வருகிறவர்களுக்குச் செய்யும் கெடுதல். பெயர் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும்: ஸ்டீனஸ் என்றால் ‘பெனாங்கென்சிஸ்’, லாத்ரோபியம் என்றால் ‘பெனாங்கென்சே’. மின்னிதழில் மட்டும் வெளியாகிறது என்றால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் பதிவு வெளியீட்டுக்கு முன்பே முடிந்து, கட்டுரைக்குள் அதற்கான சான்று இருக்க வேண்டும். 2012 திருத்தத்தின்படி அது இல்லாத பெயர் செல்லாது. ஹோலோடைப்புக்குச் சிவப்புச் சீட்டு, அதோடு சேர்த்துக் குறிக்கும் மற்ற மாதிரிகளான பாராடைப்புகளுக்கு மஞ்சள் என்பது விதியில் இல்லாத வழக்கம். ஆனால் ஆயிரம் வண்டு இருக்கும் பெட்டியில் தேடுகிறவர் வாழ்த்துவார். ஹோலோடைப் மலேசியச் சேகரம் ஒன்றில் இருக்கட்டும், பாராடைப்புகளை இரண்டு மூன்று அருங்காட்சியகங்களுக்குப் பிரித்து அனுப்புங்கள்.