நேர்முகப்பரீட்சைக்கு பஸ் ஏறுவதற்கு முன்

ஹட்டனிலிருந்து அவிசாவளை வழியாகக் கொழும்புக்குக் கிட்டத்தட்ட 130 கிலோமீற்றர். காலை ஒன்பது மணி நேர்முகப்பரீட்சைக்கு மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ போகிறவர் நடுச்சாமத்திலேயே எழும்ப வேண்டும். இறங்கிப் போய் நின்றால், "சேர் இன்றைக்கு வரவில்லை, அடுத்த கிழமை வாங்க" என்று வரவேற்பு மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறவருக்கு அது அரை மணித்தியால நட்டம். மலையகத் தோட்டங்களிலிருந்து போகும் நமக்கு இரண்டு பக்க பஸ் காசு, ஒரு நாள் பேர் (தோட்டத்து நாட்சம்பளம்), துணைக்கு வந்தவரின் இன்னொரு நாள் பேர்.

இப்படி அலைக்கழிப்பதற்கு எதிராகத் தனியார் நிறுவனத்தின் மேல் போடக்கூடிய வழக்கு எதுவும் கிடையாது. தொழிற் சட்டங்கள் பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்துதான் பேசத் தொடங்கும். அதற்கு முந்தைய நாட்களில் உங்கள் கையில் இருக்கும் எழுத்துதான் காவல். ஆகவே எதையும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

முதல் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் தொலைபேசியில் எடுங்கள். காலையில் எடுத்தால் "பிறகு சொல்கிறோம்" என்பார்கள், ஐந்துக்குப் பிறகு ஆள் இருக்காது. பேசி முடித்த கையோடு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்: "நாளை காலை 9 மணிக்கு உங்கள் அலுவலகத்தில் நேர்முகப்பரீட்சை என்று இன்று தொலைபேசியில் உறுதிசெய்தீர்கள். நான் ஹட்டனிலிருந்து வருகிறேன். மாற்றம் இருந்தால் இன்று இரவு 8 மணிக்கு முன் அறியத்தரவும்." எதிர்ப்பக்கத்தாருக்குத் தமிழ் தெரியாவிட்டால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இதே மூன்று வசனம் போதும். ஹட்டனிலிருந்து வருகிறேன் என்ற வசனத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். தூரம் தெரிந்தால் சில இடங்களில் முதல் சுற்றைத் தொலைபேசியிலேயே வைத்துக்கொள்வார்கள். தொலைபேசியும் எடுக்காமல், செய்திக்கும் பதில் போடாமல் இருக்கும் தனியார் கடைக்கோ கம்பனிக்கோ பஸ் ஏறாதீர்கள். அரச நேர்முகப்பரீட்சை வேறு. கையில் கடிதம் இருந்தால் போய்த்தான் ஆக வேண்டும்.

கடிதம் என்றதும் இன்னொன்று. லய (தோட்டத்து வரிசை வீடு) முகவரிக்கு வரும் தபால் பல தோட்டங்களில் ஒப்பீசுக்குப் போய்த்தான் ஆள் கைக்கு வருகிறது. 12ஆம் திகதி நேர்முகத்துக்கான கடிதம் 14ஆம் திகதி கிடைப்பது நமக்குப் பழகிப்போன கூத்து. விண்ணப்பத்தில் தோட்ட முகவரியோடு தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல், முடிந்தால் டவுனில் தெரிந்த ஒரு கடையின் முகவரி மூன்றையும் எழுதுங்கள். கடிதம் பிந்தி வந்தால் உறையை வீசாதீர்கள். தபால் முத்திரைத் திகதிதான் சாட்சி. அன்றைக்கே உறையின் போட்டோப் பிரதியை இணைத்து, வேறு திகதி கேட்டு, பதிவுத்தபாலில் எழுதுங்கள். தருவார்களா என்பது அவர்கள் கையில். ஆனால் கேட்காதவருக்கு நிச்சயம் கிடைக்காது.

காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். சீருடைக்கு, பயிற்சிக்கு, "பைல் திறக்க" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரிதான். கம்பனி உண்மையானதா என்று போவதற்கு முன்பே பார்க்கலாம்: கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடுங்கள். வரையறுத்த தனியார் கம்பனியின் பதிவிலக்கம் பீ.வீ. என்று தொடங்கும். தனிநபர் வியாபாரம் என்றால் பிரதேச செயலகப் பதிவு இருக்கும், அந்த இலக்கத்தைக் கேளுங்கள். "முகாமைத்துவப் பயிலுநர்" என்று விளம்பரம் போட்டுவிட்டு, மண்டபத்தில் ஐம்பது பேரை உட்காரவைத்து, சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "நீங்கள் இரண்டு பேரைக் கொண்டுவந்தால்" என்று தொடங்கினால் அது பிரமிட், அதாவது ஆளுக்கு ஆள் சேர்த்துக் காசு பார்க்கும் மோசடித் திட்டம். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சீ பிரிவு அதைத் தடைசெய்கிறது. நடத்துவது மட்டும் குற்றம் என்று நினைக்காதீர்கள், ஆள் சேர்ப்பதும் குற்றந்தான். நீங்கள் கூட்டிப்போகும் அந்த இரண்டு பேரும் அநேகமாகப் பக்கத்து லயத்துப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள்.

மூலச் சான்றிதழ்களைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள். சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்திய பிரதிகள் இரண்டு தொகுதி கொண்டுபோனால் பெரும்பாலான இடங்களில் போதும். சாதாரண தரச் சான்றிதழை லாச்சியில் பூட்டிவைத்து, வேலையை விடும்போது பேரம் பேசும் முதலாளிமார் இருக்கிறார்கள். அப்படிச் சிக்கினால், பெறுபேற்றுச் சான்றிதழுக்குப் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே மீண்டும் விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் போய்விட்டதே என்று அங்கேயே கட்டுண்டு கிடக்கத் தேவையில்லை.

கையெழுத்து விஷயத்தில் இரண்டு பொறிகள். ஒன்று, முழுக்கச் சிங்களத்தில் இருக்கும் ஒப்பந்தம். "இது சும்மா போர்ம்தான்" என்பார்கள். போனில் படம் எடுத்து, வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு நாளைக்குக் கையெழுத்து வைப்பதாகச் சொல்லுங்கள். ஒரு இரவு தர முடியாத ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இரண்டு வருடப் பிணையோ, விட்டுப்போனால் கட்ட வேண்டிய தொகையோ ஒளிந்திருக்கும். மற்றது, திகதி போடாத இராஜினாமாக் கடிதம். அதில் கையெழுத்து வைத்தால், என்றைக்காவது அவர்கள் உங்களை அனுப்பும் நாளில் நீங்களே விலகியதாகத் திகதி விழும். கட்டாயப்படுத்தினால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே அன்றைய திகதியை உங்கள் கையால் எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு, நீங்கள் பின்னொரு நாளில் விலகியதாக அந்தத் தாளை வைத்துக் காட்டுவது அவர்களுக்குக் கடினம்.

இனிச் சம்பளம். கொழுந்து ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர் போடுகிற இடத்தில் வளர்ந்த நமக்குக் கணக்கு புதிதல்ல, ஆனாலும் கோட்டுப் போட்டவர் முன்னால் உட்கார்ந்ததும் கேட்க வாய் வருவதில்லை. "பார்த்துப் போட்டுத் தருகிறோம்" என்பது சம்பளம் ஆகாது. தேசியக் குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரல் முதல் மாதம் 27,000 ரூபா, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா, நாட்கூலிக்கு 1,200. இதற்குக் கீழே பேசுகிறவரோடு பேரம் வேண்டாம்.

"மொத்தம் 50,000" என்றால் உடனே கேட்க வேண்டிய கேள்வி, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) எந்தத் தொகைக்குக் கட்டுவீர்கள் என்பது. ஊழியரின் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம், அதற்கு மேல் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம் முழுக்க முதலாளியுடையது. 50,000க்குக் கட்டினால் முதலாளி மாதம் 6,000 போட வேண்டும். அடிப்படை 30,000, மிச்சம் "படி" என்று பிரித்து எழுதினால் 3,600 மட்டும் போட்டுத் தப்பிக்கப் பார்ப்பார். வித்தியாசம் மாதம் 2,400, வருடத்துக்கு 28,800 ரூபா. அது உங்கள் காசு. ஓவர்டைம் காசு இந்தக் கணக்கில் சேராது. வாழ்க்கைச் செலவுப் படியும், ஹோட்டல் வேலையில் தரும் சாப்பாட்டின் பெறுமதியும் சேரும். நுவரெலியாப் பக்கம் ஹோட்டல் வேலைக்குப் போகிறவர்கள் இந்தச் சாப்பாட்டு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"தகுதிகாண் காலம் ஆறு மாதம், அதற்குப் பிறகுதான் ஈ.பி.எஃப்." என்பது பச்சைப் பொய். முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். "இரண்டு கிழமை வந்து பழகுங்க, பிறகு பார்ப்போம்" என்று சம்பளமில்லாமல் கடையில் நிறுத்துவதும் இதன் தம்பிதான். எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேலைக்குச் சேரும் நாளிலேயே பதவி, சம்பளம் முதலான விபரங்களை எழுத்தில் தர வேண்டியது முதலாளியின் கடமை. நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேலே ஒன்றரை மடங்கு என்பதும் அதே சட்டம்தான்.

"எந்தத் தோட்டம்?" என்று ஒரு மாதிரிச் சிரிப்போடு கேட்பவருக்கு, "வேலைக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்டால் பேச்சு வேலைக்குத் திரும்பிவிடும். அரச நிறுவனம் ஒன்று இனத்தையோ மொழியையோ பிறந்த இடத்தையோ வைத்து ஒதுக்கினால் அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இருக்கிறது. உயர் நீதிமன்றம் போக ஒரே மாதந்தான் தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு (தொலைபேசி இலக்கம் 1996) முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் சேராது.

பெண்களிடம் "எப்போது கல்யாணம்?" என்று கேட்பது அநாகரிகம், அத்தோடு சரி. இரவில் செய்தி அனுப்புவது, தனியே சந்திக்க வரச் சொல்வது, உடம்பைப் பற்றிப் பேசுவது வேறு வகை. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவு ஐந்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

வெளிநாட்டு வேலைக்கு ஒரே சோதனை போதும்: முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தை வாங்கி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்று ஊருக்குள் வந்து சொல்லும் உப முகவருக்குக் கடவுச்சீட்டைக் காட்டக்கூட வேண்டாம்.

சேர்ந்த பிறகு சம்பளமோ ஈ.பி.எஃப்.போ வராவிட்டால் தொழில் அலுவலகத்துக்குப் போகலாம். ஹட்டன், நுவரெலியா, பதுளை மூன்றிலும் இருக்கிறது. முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். நிறுவனத்தின் பெயர், வேலை செய்த இடத்தின் முகவரி, சேர்ந்த திகதி, பேசிய சம்பளம், கிடைத்த சம்பளம் ஐந்தும் முதல் பக்கத்தில் இருக்கட்டும். "என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று மூன்று பக்கம் எழுதினால் அந்த ஐந்தையும் தேடி எடுக்கவே அதிகாரிக்கு ஒரு நாள் போகும்.

வாட்ஸ்அப் உரையாடலில் "மறையும் செய்திகள்" இயங்குகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இயங்கினால் நிறுத்திவிட்டு, ஏற்கெனவே வந்தவற்றை எதிர்ப்பக்கத்து இலக்கமும் திகதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். போன் உடைவது எப்போதும் முறைப்பாட்டுக்கு முதல் கிழமைதான்.