வாஷிங் மெஷின் விற்ற கதை: பேரம் பேசாதவர்களிடம் ஜாக்கிரதை

ஒரு வழியாக வாஷிங் மெஷின் வீட்டை விட்டுப் போய்விட்டது, பணமும் வந்துவிட்டது. ஆனால் நடுவில் பட்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. வீடு மாற்றும்போது பழைய சாமானை ஆன்லைனில் போடுகிறவர்கள் யாராவது படித்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். போட்டோ எடுப்பது, விளம்பரம் போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடலாம்.

நாங்கள் சென்னை தண்டையார்பேட்டை. இப்போது போகிற மாதவரம் வீட்டில் இந்த மெஷின் வைக்க இடமில்லை. ஏழு கிலோ, ஃப்ரண்ட் லோடு, நன்றாக ஓடுகிறது. 8,500 ரூபாய் என்று போட்டேன். போட்ட சூடு ஆறுவதற்குள் முதல் போன். "மேடம், ப்ரொடக்ட் அவைலபிளா?" பாதி இந்தி, பாதி தமிழ். ராணுவத்தில் இருக்கிறாராம், ஆவடிக்கு மாற்றலாகி வருகிறாராம். விலை ஓகே, ஃபைனல், இப்போதே பணம் அனுப்புகிறேன், ஆள் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்றார்.

எனக்கு அங்கேயே இடித்தது. நம் ஊரில் கீரைக்கட்டு வாங்கினாலே இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்பார்கள். 8,500 ரூபாய்க்கு ஒரு பழைய மெஷினை, எத்தனை வருடம் ஆச்சு, பில் இருக்கா, தண்ணி ஒழுகுதா, எத்தனாவது மாடி என்று ஒரு கேள்வியும் கேட்காமல் ஒருவர் வாங்குகிறார் என்றால் அவருக்கு மெஷின் வேண்டாம், வேறு ஏதோ வேண்டும். இந்த ஒரு அடையாளம் எனக்கு அப்புறம் வந்த எல்லா ஃபிராடுகளுக்கும் பொருந்தியது.

அடுத்து வாட்ஸ்அப்பில் யூனிஃபார்ம் போட்ட படம், ஐடி கார்டு, கேன்டீன் கார்டு, ஆதார் என்று வரிசையாக வந்து விழுந்தன. அந்தப் படத்தில் இருப்பவர் எங்கோ நிஜமாகவே வேலை பார்க்கும் அப்பாவியாகக்கூட இருக்கலாம். நாம் கேட்காமலே ஒருத்தர் தன் ஆதாரை அனுப்புகிறார் என்றால் அது அவருடையதாக இருக்காது. பிறகு ஒரு கியூஆர் கோட். "இதை ஸ்கேன் பண்ணுங்க, 8,500 போட்டு பின் நம்பர் அடிங்க, உங்க அக்கவுண்ட்ல ஏறிடும், ஆர்மி அக்கவுண்ட் இப்படித்தான்." பணம் வாங்க பின் நம்பர் எதற்கு? யுபிஐயில் பின் அடிப்பது நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போகத்தான், பேலன்ஸ் பார்க்கவும் கேட்கும், ஆனால் பின் அடித்துப் பணம் உள்ளே வராது. உங்களுக்கு அனுப்ப வேண்டியவருக்கு உங்கள் யுபிஐ ஐடியோ நம்பரோ போதும். முன்பு "பணம் பெற அனுமதி கொடுங்கள்" என்பதுபோல் கலெக்ட் ரிக்வெஸ்ட் (நம்மிடம் பணம் கேட்கிற கோரிக்கை) அனுப்பி ஏமாற்றுவார்கள். 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு இடையிலான அந்த வசதியையே யுபிஐயை நடத்துகிற என்பிசிஐ நிறுத்திவிட்டது. கியூஆர் வழி இன்னும் திறந்தேதான் இருக்கிறது. முதலில் ஐந்து ரூபாய் போடச் சொல்லி, பத்து ரூபாயாகத் திருப்பி அனுப்பி நம்ப வைப்பதும் உண்டு. அந்தப் பத்து ரூபாய் தூண்டில் புழு.

"என் நம்பருக்கு அனுப்புங்க, இல்லன்னா வேண்டாம்" என்றதும் குரல் மாறியது. நாட்டைக் காக்கிற ஜவானையே நம்ப மாட்டீங்களா மேடம் என்று ஒரே சத்தம். அதற்கு நாம் கூசிப்போய் "இல்ல சார், அப்படி இல்ல" என்று இழுப்போம் பாருங்கள், அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது. போனை வைத்துவிட்டேன்.

இன்னொருவர் பக்கத்திலேயே இருக்கிறேன் என்றார். "அகஸ்தியாவுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். தியேட்டர் மூடிய பிறகும் டி.ஹெச். ரோட்டில் வழி சொல்ல எங்களுக்கு அகஸ்தியாதான். "ஆமா மேடம், அகஸ்தியா அபார்ட்மென்ட்தான்" என்றார். சரி, பாவம். அவர் கொண்டுவந்த வித்தை கூடுதல் சைபர். ஒரு எஸ்எம்எஸ் வந்தது, என் கணக்கில் 85,000 ஏறியதாக. உடனே போன், பின்னணியில் யாரோ அழுகிற சத்தம். "மேடம், கை தவறி ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன், ஆஸ்பத்திரிக்கு கட்ட வெச்சிருந்த பணம், 76,500 உடனே திருப்பி அனுப்புங்க." எஸ்எம்எஸ்ஸைத் திறந்து பாருங்கள், சாயம் அங்கேயே வெளுக்கும். வங்கியின் செய்தி எழுத்துகளால் ஆன பெயரிலிருந்து வரும், பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து வராது. இது மொபைல் நம்பரிலிருந்து வந்திருந்தது, கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள்கூட என்னுடையவை இல்லை. பெயர் சரியாக இருந்தாலும் எஸ்எம்எஸ்ஸை நம்ப வேண்டாம், வங்கி ஆப்பைத் திறந்து பேலன்ஸைப் பாருங்கள்.

ஒருவேளை நிஜமாகவே யாரோ கூடுதலாக அனுப்பியிருந்தால்? அப்போதும் நீங்களாகத் திருப்பி அனுப்பாதீர்கள். அவர் தன் வங்கியில் சொல்லட்டும், நீங்கள் உங்கள் வங்கியில் எழுதிக் கொடுங்கள். ஏனென்றால் வருகிற பணம் யாரிடமோ திருடியதாக இருக்கலாம். எங்கள் தெருமுனைக் கடைக்காரர் அண்ணன் இப்படி மாட்டினார். யாரோ முன்பின் தெரியாத வாடிக்கையாளர் பொருள் வாங்கி யுபிஐயில் பணம் போட்டுவிட்டுப் போனார். பிறகு பார்த்தால் கணக்கே முடங்கியிருக்கிறது. வேறு மாநிலத்தில் யாரோ கொடுத்த சைபர் குற்றப் புகாராம், அந்தப் பணம் கைமாறி இவர் கணக்கைத் தொட்டதாம். வங்கியில் கேட்டால் அந்த மாநில போலீசுக்கு மெயில் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். விற்ற பொருளின் பில் இருந்ததால் அவருக்குப் பேச ஒரு பிடி கிடைத்தது. அதனால் பெரிய தொகை என்றால், வாங்க வருகிறவரின் சொந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "மச்சான் அக்கவுண்ட்ல இருந்து போடுறேன்" என்றால் ரொக்கமாகக் கேளுங்கள்.

இதெல்லாம் போனில் நடந்தவை, பரவாயில்லை. வீட்டு வாசல் வரை வந்ததுதான் நடுக்கம்.

இந்த ஆள் சுத்தமான மெட்ராஸ் தமிழ் பேசினார், அக்கா அக்கா என்று மரியாதையாகத்தான் பேசினார். குட்டி யானை வண்டியோடு வந்துவிட்டார். மெஷினை ஆன் பண்ணிக் காட்டுகிறேன் என்றேன், "வேணாங்கா, உன்ன பாத்தா தெரியுது" என்று சிரித்தார். (பழைய சாமான் வாங்குகிறவர் சொல்கிற பேச்சா இது?) டிரைவர் பெல்ட்டைப் போட்டு மெஷினைத் தூக்கத் தயாராகிவிட்டார். இவர் போனைத் தட்டினார், டிங் என்று சத்தம், திரையைத் திருப்பிக் காட்டினார். பச்சை டிக், 8,500 ரூபாய், தேதி, நேரம், நீளமாக ஒரு டிரான்ஸாக்‌ஷன் நம்பர், என் பெயர். எல்லாம் இருந்தது. ஆனால் என் பெயர் தப்பு. வங்கியில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் இருக்கும், யார் எனக்கு அனுப்பினாலும் அவர்கள் திரையில் இனிஷியலோடுதான் வரும். இவர் திரையில் விளம்பரத்தில் நான் போட்டிருந்த கூப்பிடுகிற பெயர் இருந்தது. அதாவது அவரே டைப் பண்ணியது. பணம் கட்டியதுபோல் திரையைக் காட்டுவதற்கென்றே போலி ஆப் இருக்கிறது.

வங்கி ஆப்பைத் திறந்தேன், பணம் இல்லை. "சர்வர் டவுன்கா, அர அவர்ல ஏறிடும், வண்டிக்கு வெயிட்டிங் சார்ஜ் ஆவுது" என்றார். "சரி தம்பி, அரை மணி நேரம் உட்காருங்க, டீ போடுறேன், ஏறட்டும்" என்றேன். அதற்குள் கீழ் வீட்டு அண்ணன் சத்தம் கேட்டு மேலே வந்து, பேச்சே இல்லாமல் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "உங்க வங்கி ஆப்ல பணம் போனது காட்டுமே, காட்டுங்க" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சார்ஜர் வண்டியில் இருக்கிறது என்று இறங்கிப் போனவர் போனவர்தான். பாவம், மாட்டியது குட்டி யானை டிரைவர். மூலக்கடையில் நின்றிருந்தவரைக் கூப்பிட்டு வந்திருக்கிறான், வாடகை ஒரு பைசா தரவில்லை. "உங்களால எனக்கு சவாரி போச்சு" என்று எங்கள் மேல் பாய்ந்தார். டீயைக் கொடுத்து, டீசலுக்கு ஏதோ கையில் வைத்து அனுப்பினோம்.

அந்த நம்பர்களைப் புகார் கொடுக்கலாம் என்று காவல் நிலையத்துக்குப் போனேன். வெயிலில் நடந்து, பெஞ்சில் காத்திருந்து, கடைசியில் எழுதுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "பணம் போச்சா?" போகல சார். "அப்ப என்னாத்துக்கு வந்த?" அவ்வளவுதான். நீங்கள் அலைய வேண்டாம். பணம் போயிருந்தால் நேரே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம், அதிலேயே சந்தேகமான நம்பரையோ யுபிஐ ஐடியையோ போட்டுத் தேடிப் பார்க்கிற வசதியும் இருக்கிறது. பணம் போகவில்லை, ஆனால் ஏமாற்ற முயன்றார்கள் என்றால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்று ஒரு பகுதி உண்டு. வந்த நம்பரையும் ஸ்கிரீன்ஷாட்டையும் அதில் போட்டுவிட்டேன், வீட்டிலிருந்தே முடிந்தது. இதை அந்தக் காவல் நிலையத்தில் ஒரு வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தலைவலி மிச்சம்.

இடையில் கூரியர் கம்பெனி லிங்க், இன்சூரன்ஸ் கட்டணம், வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (தொட்டால் போனில் ஆப்பை ஏற்றுகிற ஃபைல்), "உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும் சொல்லுங்க" எல்லாமும் வந்தன. எதையும் தொடாமல் பிளாக் செய்தேன், அவ்வளவுதான் அதற்கு மரியாதை. சின்ன சாமான் என்றால் ஆளை வீட்டுக்கே வரவழைக்காதீர்கள். மிக்ஸியையும் பழைய போனையும் நான் தண்டையார்பேட்டை மெட்ரோ வாசலில்தான் கொடுத்தேன், கேமரா இருக்கிறது, ஆள் நடமாட்டம் இருக்கிறது.

நிஜமாக வாங்கியவர் கொருக்குப்பேட்டை அக்கா. போனில் முதல் வார்த்தையே, "இன்னாம்மா, எட்டரையா? புதுசே தள்ளுபடில வருது." வந்து நின்றதும் டிரம்முக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார், கதவு ரப்பரைப் பிதுக்கிக் கறுப்பு படிந்திருப்பதைக் காட்டி ஐநூறு குறைத்தார், ஸ்பின் ஓடி முடிகிற வரை முக்காலி போட்டு உட்கார்ந்தார். டியூப் குட்டையாக இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம். 6,800-க்கு முடிந்தது. அவருடைய கணக்கிலிருந்தே போட்டார், என் ஆப்பில் ஏறிய பிறகுதான் அவர் தம்பி மெஷினில் கை வைத்தார். காத்திருக்கச் சொன்னதற்கு அவர் கோபப்படவே இல்லை, "பாத்துக்கம்மா, நல்லா பாத்துக்க" என்றார். ஒரு தாளில் என்ன பொருள், எவ்வளவு, தேதி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொண்டோம்.

விளம்பரத்தில் விற்றாயிற்று என்று மாற்றியும் போன் நிற்கவில்லை. நேற்றுகூட ஒருவர், "மேடம், ப்ரொடக்ட் அவைலபிளா?" இருக்கு சார், ஆனா விலை ஏறிடுச்சு, இருபத்தஞ்சாயிரம் என்றேன். "ஓகே மேடம், ஃபைனல்" என்றார்.