ஓபியாய்டு சிகிச்சை: கூடப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

ஓபியாய்டு என்னும் அபின் வகை வலி மாத்திரையை (ஹெராயினும் இந்த வகைதான்) கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன் ஒருநாள் "சரி, சிகிச்சைக்கு வர்றேன்" என்கிறான். அன்று வீட்டில் எல்லோருக்கும் அவசரம். பல குடும்பங்களோடு துணைக்குப் போய் வந்ததில், காரியம் கெடுவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான் என்று கண்டோம்.

முதலில் 14446 என்ற இலவச எண்ணில் பேசுங்கள். "டீ-அடிக்‌ஷன் வார்டு இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் குடிநோய்க்கான இடத்தைச் சொல்லிவிடக்கூடும். "புப்ரினார்ஃபின் எங்கே கொடுக்கிறார்கள்?" என்று, இந்தச் சிகிச்சைக்குத் தரும் மாத்திரையின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். போலீஸ் பயம் இருந்தால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவைச் சொல்லலாம். தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுப்பவருக்கு, போதைப்பொருளை உட்கொண்டதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து அது பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம்.

முதல் மாத்திரைதான் கவனமாகக் கடக்க வேண்டிய கட்டம். புப்ரினார்ஃபின் மூளையில் ஓபியாய்டு உட்காரும் இடத்தை இறுகப் பற்றிக்கொள்ளும், ஆனால் பாதி வேலைதான் செய்யும். உடம்பில் ஹெராயின் மிச்சமிருக்கும்போது போட்டால் அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு, உடம்பு முறுக்கிப் பிழியும் வலி எல்லாம் ஒன்றாக வரும். ஒருமுறை அப்படி ஆனவரை மறுபடி கூட்டிவருவது கடினம். அதனால் கடைசியாக எடுத்ததிலிருந்து 12 மணி நேரமாவது போகட்டும். மெத்தடோன் போல நெடுநேரம் நிற்கும் மருந்தென்றால் இன்னும் அதிகம். கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். போதை இறங்கியதற்கான அறிகுறிகள், அதாவது கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், மயிர்க்கூச்சு, விரிந்த கண்மணி, தெரிகிறதா பாருங்கள். கடைசியாக எப்போது, எதை எடுத்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் பையன் பொய் சொல்வான். சற்று வெளியே நில்லுங்கள்.

வழக்கமாக 2 அல்லது 4 மில்லிகிராமில் தொடங்கி, ஓரிரு மணி நேரம் உட்காரவைத்துப் பார்ப்பார்கள். வாயை நனைத்துக்கொண்டு மாத்திரையை நாக்கின் அடியில் வைத்து முழுதாகக் கரையவிட வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். விழுங்கினால் மருந்தில் பெரும்பகுதி வீண். கரைந்தபின் தண்ணீரில் கொப்பளிக்கலாம், பல் தேய்க்க ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

மூன்று மாதத்தில் முகம் தெளிந்துவிடும். உடனே உறவினர் யாராவது, "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா? நிறுத்து" என்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். சர்க்கரை வியாதிக்காரரிடம் யாரும் இன்சுலினை நிறுத்தச் சொல்வதில்லை. பல மாதங்கள், சிலருக்கு வருடங்கள் தேவைப்படும். நிறுத்துவதென்றால் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கட்டிப்போட்டு "சுத்தம்" செய்து அனுப்பும் இடங்களுக்குப் போகாதீர்கள். சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சில வாரம் எதுவும் எடுக்காத உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்ததும் பழைய அளவிலேயே ஊசி போட்டு இறந்துபோகிறார்கள். சிறையிலிருந்து வருபவர்களுக்கும் இதே கதைதான்.

ஆகவே வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கட்டும்: கண்மணி ஊசிமுனை போல் சுருங்கி, உதடு நீலித்து, குறட்டை போல் களகளவென்று சத்தம் வந்தால் அது தூக்கம் இல்லை. 108-ஐ அழைத்து, "மூச்சு சரியாக இல்லை, ஓபியாய்டு எடுத்திருக்கிறார்" என்று சொல்லுங்கள். மூச்சு நின்றிருந்தால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் ஊதுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மருத்துவமனையில் ஓபியாய்டின் வேகத்தை முறிக்கும் நாலாக்சோன் மருந்தைப் போட்டதும் எழுந்து உட்கார்ந்து, வீட்டுக்குப் போகிறேன் என்பார். அந்த மருந்தின் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் தணியும், உள்ளே போன போதை அதற்குப் பிறகும் நிற்கலாம். மருத்துவர் போகச் சொல்லும்வரை அங்கேயே இருங்கள்.