பை கைமாறும் இடம்

ரயிலில் தபால் கொண்டுபோகும் அஞ்சல் துறைப் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பத்தோரு வருடம் சார்ட்டராக இருந்தேன். ரயிலின் தபால் பெட்டியில் ராத்திரி முழுக்க நின்றபடி கடிதம் பிரிக்கிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு தபால்தலைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். அங்கே கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய உறை இருந்தது. தபால்தலை உரிந்து போயிருந்தது. அது இருந்த இடத்தில் வெளிறிய சதுரம் மட்டும். விலாசத்தின் மை கலங்கிப் பரவியிருந்தது. மேலே ஆங்கிலத்தில் ஒரு முத்திரை: கொலம்போ கப்பல் உடைந்ததிலிருந்து மீட்கப்பட்டது.

1862 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து சூயஸுக்குத் தபாலோடு போன, பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியின் நீராவிக் கப்பல் அது. மினிக்காய் தீவின் பவளப்பாறையில் மோதி உடைந்தது. கடலில் ஊறிய கடிதங்களை யாரோ எடுத்து, உலர்த்தி, முத்திரை குத்தி, போக வேண்டிய இடத்துக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த உறையை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஐப்பசி மழை ராத்திரி. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி எங்கள் வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதம். ஜங்ஷனில் நாங்கள் பை மாற்ற வேண்டிய வண்டி கிளம்பிப் போய்விட்டது. இறக்கிய பைகளை ஒழுகாத இடமாகப் பார்த்து அடுக்கினோம். அப்படியும் அடியில் கிடந்த ஒரு பை நனைந்துவிட்டது. அரக்கை உடைத்துக் கொட்டினால் இன்லேண்ட் லெட்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக விழுந்தன. நான் அவசரமாகப் பிரிக்கப் போனேன். "இழுக்காதே தம்பி, ஈரத்துல இழுத்தா விலாசம் போயிரும். காயட்டும்" என்றார் எங்கள் மூத்த சார்ட்டர் அண்ணாச்சி.

மேசை மேல் பழைய செய்தித்தாள் விரித்து, மின்விசிறிக்குக் கீழே ஒவ்வொன்றாகப் பரப்பினோம். விலாசம் மங்கியவற்றில் பின்கோடு தெரிகிறதா என்று விளக்கருகே பிடித்துப் பார்த்தோம். 'நனைந்த நிலையில் வந்தது' என்று எழுதித் தேதி முத்திரை குத்தினோம். என் விரலில் ஏறிய நீல மை இரண்டு நாள் போகவில்லை.

கண்காட்சிக்குப் போய் வந்த பிறகுதான் அந்தக் காலத்துக் கடல் தபாலைத் தேடித் தேடிப் படித்தேன். கப்பலின் வேகத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். என் கண் போனதெல்லாம் பை கைமாறும் இடங்கள் மேல்தான்.

1850களின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து இந்தியாவுக்குக் கடிதம் வர இரண்டு வழி. கட்டணம் குறைந்த தபால் சவுத்தாம்ப்டனில் கப்பலேறி ஜிப்ரால்டரைச் சுற்றி வரும். அவசரக் கடிதம் சில நாள் கழித்துப் புறப்பட்டு, பிரான்சைத் தரைவழியே கடந்து மார்செய் துறைமுகத்தில் கப்பலேறும். அதற்குக் கட்டணம் அதிகம். 'மார்செய் வழி' என்று அனுப்புகிறவரே உறைமேல் எழுதுவார். இரண்டும் அலெக்சாந்திரியாவில் சேர வேண்டும். அங்கிருந்து கால்வாய்ப் படகு, நைல் நதி, கெய்ரோ. அப்புறம் சூயஸ் வரை 84 மைல் பாலைவனம், ஒட்டக முதுகில். 1858ல் சூயஸுக்கு ரயில் போட்ட பிறகுதான் ஒட்டகத்துக்கு ஓய்வு.

சூயஸில் இன்னொரு கப்பல். அது புறப்பட வேண்டுமானால் அதற்கான நிலக்கரி முன்கூட்டியே அங்கே குவிந்திருக்க வேண்டும். 1830ல் பம்பாயிலிருந்து சூயஸுக்கு முதல்முறை போன 'ஹியூ லிண்ட்சே' கப்பல், பயணிகள் அறையில்கூட நிலக்கரியை அடைத்துக்கொண்டு போனது. அப்படியும் வழியில் ஏடனில் நின்று நிரப்ப வேண்டியிருந்தது.

அடுத்து இலங்கையின் தென்முனையில் காலி என்ற ஊரின் துறைமுகம். எனக்கு மிக நெருக்கமாகத் தோன்றுவது இந்த இடம். எங்கள் ஜங்ஷன் மாதிரியே. சூயஸிலிருந்து வந்த பைகளில் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் ஒரு பங்கு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங்குக்கு ஒரு பங்கு, 1860களில் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு பங்கு. ஒரு கப்பல் வரத் தாமதமானால் மற்றது காத்திருப்பதா, கிளம்புவதா? காத்திருந்தால் அடுத்த துறைமுகத்தில் இணைப்பு போகும். கிளம்பினால் இங்கே பை தேங்கும். தாமதத்துக்கு அபராதம் என்று கப்பல் கம்பெனியோடு ஒப்பந்தமே இருந்தது. ஆரம்ப காலத்தில் ஒப்பந்தக் கப்பல்களில் தபாலுக்கென்றே ஒரு கடற்படை அதிகாரி கூடவே பயணம் செய்திருக்கிறார். காலியில் பாறைகளும் அதிகம். 1871 நவம்பர் 1 அன்று ஆஸ்திரேலியத் தபாலோடு அங்கிருந்து கிளம்பிய 'ரங்கூன்' கப்பல் துறைமுக வாசலிலேயே பாறையில் மோதி மூழ்கியது. 1880களில், அலைதடுப்புச் சுவர் எழுந்த கொழும்புக்கு எல்லாம் மாறிப்போனது.

சென்னையில் அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல் கரையிலிருந்து தள்ளிக் கடலிலேயே நிற்கும். தென்னங்கயிற்றால் பலகை தைத்த மசூலா படகில் அலையைத் தாண்டித் தபால் கரைக்கு வரும். லண்டனிலிருந்து அத்தனை ஆயிரம் மைல் வந்த பை, கடைசியில் ஒரு படகோட்டியின் கைப்பக்குவத்தை நம்பி இருந்திருக்கிறது. அந்தப் படகோட்டி யாருடைய பெயரும் நான் படித்த எதிலும் இல்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

1869ல் சூயஸ் கால்வாய் திறந்தார்கள். கப்பல் நேராகப் போகலாம். ஆனால் ஒப்பந்தம் பழையதல்லவா? தபால் எகிப்தை ரயிலில்தான் கடக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது பிரிட்டிஷ் தபால் துறை. அலெக்சாந்திரியாவில் பையை இறக்கி, ரயிலில் அனுப்பி, சூயஸில் திரும்ப ஏற்றினார்கள். பல வருடம் இது நடந்தது. நானும் அரசு வேலை பார்த்தவன். தாளில் எழுதியதை மாற்ற எவ்வளவு நாளாகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அத்தனை பையைத் தேவையில்லாமல் தூக்கி இறக்கிய கூலிக்காரர்களை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

படித்ததில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒன்று. 1868 முதல் 1914 போர் வரை பம்பாய்த் தபால் கப்பலிலேயே ஒரு தபால் நிலையம் இருந்தது. கடல் அஞ்சலகம். கப்பல் பம்பாயைத் தொடுவதற்குள் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துக் கட்டி வைத்துவிடுவார்கள், கரையில் நிற்கும் ரயில்களில் அப்படியே ஏற்ற வசதியாக. ஓடுகிற ரயிலில் கால் அகட்டி நின்று, ஒரு கையால் கடிதக் கட்டையும் மறு கையால் புறாக்கூட்டையும் (கடிதங்களை ஊர்வாரியாகப் போடும் சின்னச் சின்ன அறைகள்) பிடித்துப் பழகியவன் நான். பருவமழைக் கடலில் அதைச் செய்தவர்கள் எனக்கு முன்னோர்கள்.

அந்த மழை ராத்திரிக்குப் பிறகு, விடியற்காலை நான்கே முக்காலுக்கு அடுத்த வண்டி வந்தது. காய்ந்த கடிதங்களைப் புதுப் பையில் போட்டு, சணலால் கட்டி, அரக்கு ஒட்டினோம். அந்த வண்டி சார்ட்டர் பட்டியலை நீட்டினார். "எண்ணிட்டுக் கையெழுத்துப் போடு தம்பி" என்றார் அண்ணாச்சி, தூக்கக் கலக்கத்திலும். ஒவ்வொரு பையாகத் தொட்டு எண்ணினேன். பதினேழு. சரியாக இருந்தது.