"புதுசா இன்னா கீது சார்?"

நூலகத்தில் இப்படிக் கேட்டு வருகிறவரிடம், கடைசியாகச் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கிய நூலை நீட்டிவிட்டு வேலையைப் பார்ப்பது சுலபம். அந்த நூல் இரண்டாம் நாளே திரும்பி வருவதும் அதனால்தான். கேட்டவருக்கு வெளியீட்டு ஆண்டைப் பற்றி அக்கறை கிடையாது. தான் படிக்காத, ஆனால் தனக்கு ஒத்துவரும் ஒன்று வேண்டும், அவ்வளவே. 1982-இல் வந்த நாவல்கூட ஒரு படம் ஓடி முடிந்த மறுவாரம் அவருக்குப் புதுசுதான். வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் பக்கத்துக் கிளை நூலகங்களுக்குப் புதிய நூல்கள் வந்து சேரத் தாமதமாகும். இருக்கிற அலமாரியிலிருந்தே புதுசை எடுத்துக் கொடுப்பது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

"எந்த மாதிரி புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். "நல்ல புக்கா குடுங்க" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக இரண்டு கேள்வி போதும். "கடைசியா எதை முழுசா முடிச்சீங்க? எதைப் பாதியிலேயே வெச்சிட்டீங்க?" இரண்டாவது கேள்விக்கான பதிலில்தான் விஷயம் இருக்கும். "ஒரே பேச்சா போவுது, கதையே நகரல" என்றால் ஒரு வழி. "யாரு யாருன்னே புரியல, அத்தனை பேரு" என்றால் வேறு வழி. படித்தே பல வருடம் ஆகிவிட்டது என்பவரிடம் புத்தகப் பேச்சையே எடுக்க வேண்டாம். கடைசியாகப் பார்த்த எந்தப் படத்தை மறுபடி பார்ப்பார் என்று கேளுங்கள். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல், வாசகர் ஒரு நூலுக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு என்பார்: கதை, பாத்திரம், களம், மொழி. படத்துக்கும் இது பொருந்தும். பார்த்தவர் எந்த வாசல் வழியாக உள்ளே போனார் என்று தெரிந்துகொண்டால் புத்தகம் தானாக அகப்படும்.

'மகாராஜா' (2024) பிடித்தது என்கிறவரை எடுத்துக்கொள்வோம். முடிச்சு அவிழ்ந்த விதம் பிடித்திருந்தால் சுஜாதாவின் 'நைலான் கயிறு' அல்லது 'கொலையுதிர் காலம்'. மகளுக்காக அலையும் அப்பா பிடித்திருந்தால் சுஜாதா உதவமாட்டார், வேறு அலமாரிக்குப் போக வேண்டும். 'மெய்யழகன்' (2024) பார்த்துவிட்டுக் கண் கலங்கியவருக்கு வேகமான நாவல் கொடுப்பது வீண். அவருக்கு வண்ணதாசனின் 'ஒரு சிறு இசை' (சாகித்ய அகாதெமி, 2016) அல்லது தி.ஜானகிராமன் சிறுகதைகள். 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) பார்த்துச் சிரித்தவருக்கு அ.முத்துலிங்கம். முதலில் சிறுகதைத் தொகுப்பு ஏதாவது ஒன்று, அது ஒட்டிக்கொண்டால் அகதியின் பயணத்தைச் சொல்லும் 'கடவுள் தொடங்கிய இடம்'. 'வாழை' (2024) பார்த்தவருக்கு அதன் இயக்குநர் மாரி செல்வராஜ் எழுதிய 'மறக்கவே நினைக்கிறேன்'. இந்த ஜோடியில் சறுக்குவதற்கு வழியே இல்லை.

படத்துக்கு மூலமான கதையைக் கொடுக்கும்போதுதான் அதிகம் சொதப்பும். 'அசுரன்' (2019) பார்த்தவர் பூமணியின் 'வெக்கை'யை (1982) வாங்கிப் போய், பஞ்சமி நில விவகாரமும் அப்பாவின் இளமைக்காலக் கதையும் எங்கே என்று தேடுவார். அந்த முன்கதை படத்துக்காகச் சேர்த்தது. நாவல், கொலை செய்த சிறுவனும் அவன் அப்பாவும் காட்டிலும் கரட்டிலும் மறைந்து திரியும் சில நாட்களோடு நின்றுவிடும். இதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் ஏமாற மாட்டார், சிறிய நாவல் வேறு, முடித்துவிடுவார். 'விடுதலை' படத்தின் இரண்டு பாகங்களையும் பார்த்துவிட்டுத் தடித்த நாவலை எதிர்பார்த்து வருகிறவருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: ஜெயமோகனின் 'துணைவன்' ஒரு சிறுகதை. தலைப்பைத் தேடினால் அலமாரியில் கிடைக்காது. எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று பார்த்து, பொருளடக்கப் பக்கத்தில் ஒரு சீட்டு வைத்துக் கொடுங்கள்.

'பொன்னியின் செல்வன்' தனிக்கதை. 2022, 2023-இல் படங்கள் வந்த பிறகு முதல் பாகத்துக்குக் கேட்பு ஏறியது, ஐந்தாம் பாகம் தூசி படியாமல் இருந்தால் ஆச்சரியம். காரணம் வாசகரின் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். இடையில் 'கொலை வாள்' யாரிடமோ போயிருக்கும், திரும்பி வருவதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். முதல் பாகத்தை எடுத்துப் போகிறவரிடமே அடுத்த பாகத்துக்குப் பெயர் பதிந்துகொள்வது ஒன்றுதான் இதற்கு வழி. கல்கியின் எழுத்து நாட்டுடைமையாகிவிட்டதால் பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன, பக்க எண் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. "எங்க விட்டீங்க?" என்று கேட்டால் பாகத்தையும் அத்தியாயத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பாகம் தாங்காது என்பவருக்கு ஒரே புத்தகமாக முடியும் 'பார்த்திபன் கனவு'. ஐந்தையும் முடித்துவிட்டு இன்னும் கேட்கிறவருக்குப் பாலகுமாரனின் 'உடையார்', ஆறு பாகம். அவர் மழைக்காலம் முழுக்க வேறு எதுவும் கேட்கமாட்டார்.

நம் மண்ணைத் தொடும் படங்களை மட்டும் விட்டுவிடக் கூடாது. 'தங்கலான்' (2024) வட ஆர்க்காட்டுக் கிராமத்தில் தொடங்கிக் கோலார் தங்கவயலுக்குப் போகிறது. ஜோலார்பேட்டைப் பக்கம் கேட்டுப் பாருங்கள், தங்கவயலில் உறவுக்காரர் இல்லாத குடும்பம் குறைவு. நேர்ஜோடியாக ஒரு நாவலைத் தேடி அலைவதைவிட, கூலிக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோன கதையைத் தேடுங்கள்: பி.எச்.டேனியல் எழுதி இரா.முருகவேள் மொழிபெயர்த்த 'எரியும் பனிக்காடு', வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றியது. 'பரதேசி' படத்துக்கு அடிப்படையும் இதுதான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் வேலை தெரிந்தவருக்கு டி.செல்வராஜின் 'தோல்' (சாகித்ய அகாதெமி, 2012). களம் திண்டுக்கல், ஆனால் சுண்ணாம்புக் குழியை இவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தடித்த நூல் என்பதால் முதல் பரிந்துரையாக வேண்டாம்.

தெருக்கூத்துக் கலைஞர்களைப் பற்றிய 'ஜமா' (2024) இந்தப் பகுதியில் இன்னும் பலரைச் சேரவேண்டிய படம். பெண்வேடம் கட்டுகிறவன் அர்ச்சுனன் வேடத்துக்கு ஏங்கும் கதை. பாரதம் படிக்கிற, துரியோதனன் படுகளம் நடக்கிற ஊர்களில் இதைச் சொன்னால் பெரியவர்களுக்குக் கண் விரியும். கூடவே ராஜாஜியின் 'வியாசர் விருந்து' கொடுக்கலாம். திரௌபதி அம்மன் திருவிழா தொடங்குவதற்கு முன்பே அதைப் பரிந்துரை நூல்களை வைக்கும் மேசைக்குக் கொண்டுவாருங்கள், தீமிதி முடிந்தபின் வைத்துப் பயனில்லை.

உள்ளூர் எழுத்து வேண்டும் என்பவருக்குப் பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி', பிறகு பறையை மையமாகக் கொண்ட 'வல்லிசை'. மு.வ.வின் 'அகல் விளக்கு' பழைய பாடப்புத்தக வாடை அடிக்கிறது என்று இளைஞர்கள் ஒதுக்குவார்கள். கதை வாலாஜாவில் தொடங்குகிறது என்று சொல்லிக் கொடுத்தால் எடுப்பார்கள். ஜூலை 10 நெருங்கும்போது 1806 வேலூர்ப் புரட்சி பற்றிக் கேட்டு வருவார்கள். வரலாற்று நூல்களோடு மு.ராஜேந்திரனின் '1801', 'காலா பாணி' (சாகித்ய அகாதெமி, 2022) இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். வேலூருக்கு ஐந்தாண்டு முன்பு தெற்கே நடந்தது என்ன, பிடிபட்டவர்களைக் கடல் கடத்தியது எப்படி என்று தெரியவரும். வரிசை முக்கியம், '1801' முன்னால்.

பரிசு பெற்ற நூல்களைக் கொடுக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இமையத்தின் 'செல்லாத பணம்' (சாகித்ய அகாதெமி, 2020) தீக்காயப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தைப் பற்றியது. அருமையான நாவல்தான். ஆனால் நம் ஊரில் நூலகத்துக்கு வந்து உட்காருகிறவர் ஆஸ்பத்திரியில் ஆளைப் படுக்கவைத்துவிட்டு வந்தவராக இருக்கலாம். அவர் கையில் அதைக் கொடுக்காதீர்கள். அப்படிப்பட்டவருக்கு எங்கே விட்டாலும் எங்கே தொடங்கினாலும் கெடாத சிறுகதை, பயணக் கட்டுரை, வார இதழ். தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' (2023) சாவு வீட்டைச் சுற்றிய கதை, கொங்குப் பேச்சு. முதல் இருபது பக்கம் வாய்க்குள் சொல்லிப் படித்தால் பிடிபட்டுவிடும் என்று சொல்லிக் கொடுங்கள். ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' (2024) ஆய்வு நூல். டி.என்.பி.எஸ்.சி. தம்பிகள் குறிப்பெடுக்க ஆசையாக எடுப்பார்கள். அவர்களை அப்படியே முழுதும் படிக்கவைக்க ஒரு வாய்ப்பு இது, வ.உ.சி.யின் கைதும் கலவரமும் இடம்பெறும் 1908 மார்ச் மாதப் பகுதியைத் திறந்து காட்டுங்கள்.

வயதான வாசகருக்குக் கதையைவிட எழுத்தின் அளவு முக்கியம். கொடுப்பதற்கு முன் நடுப்பக்கத்தைத் திறந்து அவரையே நாலு வரி படிக்கச் சொல்லுங்கள். பாதியில் விடுவதைக் குற்றமாக நினைப்பவர்களும் இந்த வயதில்தான் அதிகம். அவர்களுக்கு நான்சி பேர்லின் கணக்கு உதவும். ஐம்பது வயது வரை ஐம்பது பக்கம் படித்துப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் நூறிலிருந்து வயதைக் கழித்தால் வருகிற பக்கம் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம். பிடிக்கவில்லையா, கொண்டுவந்து கொடுத்துவிடலாம். ஏலகிரி எக்ஸ்பிரசில் சென்னைக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு எடை குறைந்த தொகுப்பு, ஒரு கதை இரண்டு ஸ்டேஷனுக்குள் முடிய வேண்டும்.

பிள்ளைகளுக்கு உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (பால சாகித்ய புரஸ்கார், 2023) நல்ல தொடக்கம். கீழடியைக் கதையாகச் சொல்கிறது. அடுத்து யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' (2024). பாப்பாவிடம் கேட்காமல் அம்மாவிடம் மட்டும் கேட்டுக் கொடுத்தால் பொதுஅறிவுப் புத்தகம்தான் போகும். பிள்ளைக்கு ஒன்று, அம்மாவின் விருப்பத்துக்கு ஒன்று என்று இரண்டாகக் கொடுப்பது சண்டையில்லாத வழி. படம் சொல்லும்போது தணிக்கைச் சான்றைப் பார்க்காமல் வாய் திறக்காதீர்கள். 2024 நவம்பரிலிருந்து யு/ஏ சான்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. பழைய படங்களில் வெறும் யு/ஏ என்றுதான் இருக்கும், அவற்றை யாராவது பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஓடிடி தளங்களிலும் இதே வயது வகைகளைப் படத்தின் தொடக்கத்தில் காட்டுவார்கள்.

இனி, பரிந்துரை நூல்களை வைக்கும் மேசை. நாளிதழ் மேசைக்குப் போகும் வழியில் வையுங்கள், புத்தக அலமாரிப் பக்கம் வேண்டாம். அலமாரிக்கு வருகிறவர் ஏற்கெனவே வாசகர். பன்னிரண்டு புத்தகத்துக்கு மேல் வைத்தால் யாரும் தொடுவதில்லை. அட்டை தெரியும்படி நிறுத்தி, வாரம் ஒருமுறை பாதியை மாற்றினால் போதும். ஒவ்வொன்றிலும் ஏ4 தாளில் மூன்றிலொரு பங்குச் சீட்டு, மூன்று வரி: என்ன நடக்கிறது, எப்படி நகர்கிறது, யாருக்கு ஒத்துவராது. மூன்றாவது வரியைத்தான் எல்லோரும் முதலில் படிப்பார்கள். 'வெக்கை'க்கு இப்படி எழுதலாம்: "பதின்வயதுப் பையன் ஒருவன் பழிக்குப் பழி வாங்கிவிட்டு அப்பாவோடு தலைமறைவாகிறான். சிறிய நாவல், கரிசல் பேச்சு. படத்தில் வரும் பஞ்சமி நிலக் கதை இதில் இல்லை." 'மனதை உருக்கும்', 'அவசியம் படிக்க வேண்டிய' போன்ற சொற்களுக்கு இடம் கொடுக்காதீர்கள், எல்லாச் சீட்டும் ஒன்று போலாகிவிடும்.

எது ஓடுகிறது என்று தெரிய, புத்தகத்தின் பின்னால் ஒட்டிய தேதித் தாளைப் பாருங்கள். தடித்த நாவலில் எடுத்த தேதிக்கும் திரும்பிய தேதிக்கும் இரண்டு நாள்தான் இடைவெளி, அதுவும் அடுத்தடுத்து மூன்று பேரிடம் என்றால், தவறான ஆட்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சீட்டை மாற்றி எழுதுங்கள்.

புதிய நூலின் பிடிஎஃப் வாட்ஸப்பில் சுற்றும், "அனுப்பட்டா சார்?" என்று வாசகரே கேட்பார். வாங்கவும் வேண்டாம், பகிரவும் வேண்டாம். நாட்டுடைமை நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, பழைய இலக்கியத்துக்கு 1998 முதல் மதுரைத் திட்டம் இருக்கிறது. படத்தைப் பரிந்துரைக்கலாம், ஆனால் ஒருவரின் ஓடிடி கணக்கை வைத்து வாசகர் வட்டக் கூட்டத்தில் போட்டுக் காட்டக் கூடாது. அந்தச் சந்தா வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். திரையிட வேண்டுமென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குறும்படம், ஆவணப்படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியாகத் தருவார்கள்.

அலமாரியில் இல்லாத நூலைக் கேட்டால் "வரும்" என்று சொல்லி அனுப்பாமல், கேட்பதைப் பதிவேட்டில் எழுதவையுங்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை, ஐஎஸ்பிஎன் எண். பதிப்பகம் விட்டுப்போனால் ஒரே தலைப்பில் இருக்கும் வேறு நூல் வந்து இறங்கும். வாசகரின் கைபேசி எண் பதிவேட்டில் வேண்டாம், உறுப்பினர் எண் மட்டும். அவரை அன்றைக்கு வெறுங்கையோடு அனுப்பாமல் அதே ஆசிரியரின் வேறொரு நூலை எடுத்துக் கொடுங்கள்.