அபராத ரசீதும் ஆதாரம்தான்

சத்தியமங்கலம் மலையில் சோளகர், ஊராளி என்ற பழங்குடியினரின் ஊர்களுக்கு வன உரிமை மனு தயார் செய்து கொடுக்கும் வேலையில் சில காலம் இருந்தேன். பழங்குடி உரிமை என்றால் ஊர்வலமும் கோர்ட்டும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எங்கள் பொழுது பெரும்பாலும் ஜெராக்ஸ் கடையிலும் கிராம சபைத் தீர்மான நோட்டிலும்தான் போனது.

2006 வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் பாடுபட்டு வரும் பழங்குடிக் குடும்பம் 4 ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். கிராம சபை, கோட்டக் குழு, மாவட்டக் குழு என்று மனு மேலே போகும். இரண்டு ஆதாரமாவது வேண்டும். காகிதமே இல்லாத ஊரில்? அதற்கும் விதியில் இடம் இருக்கிறது. மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வைத்தால் அது ஓர் ஆதாரம். பழைய கிணறு, முன்னோரைப் புதைத்த இடம், சாமி கும்பிடும் இடம் எல்லாமே ஆதாரம்.

ஓர் ஊரில் ஒரு பாட்டி தகரப் பெட்டியிலிருந்து சில ரசீதுகளை எடுத்துத் தயங்கித் தயங்கி நீட்டினார். காட்டில் உழுததற்கு அந்தக் காலத்தில் வனத்துறை போட்ட அபராதம். "இதக் காட்டினா மறுபடி கேஸ் போட்டுருவாங்களா சார்?" என்றார். போட மாட்டார்கள் பாட்டி, நீங்கள் அப்போதே இங்கே உழுதீர்கள் என்று அவர்களே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. வனக் காவலரைக் கண்டு ஒளிந்தே பழகியவர் எப்படி நம்புவார்?

அதிகாரிகளுக்குப் பிடித்த ஆதாரம் சாட்டிலைட் படம். அதைத் துணையாகப் பார்க்கலாம், மற்ற ஆதாரங்களுக்குப் பதிலாக வைக்கக் கூடாது என்று 2012 விதித் திருத்தமே சொல்கிறது. இன்ன காகிதம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கவும் கூடாது. இருந்தும் 'போதிய ஆதாரம் இல்லை' என்ற ஒற்றை வரியில் மனுக்கள் திரும்பி வந்தன. சிலருக்கு அந்த வரிகூட வரவில்லை, வாய்ப்பேச்சோடு சரி. மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான். எதற்காக நிராகரித்தார்கள் என்று தெரியாமல் எதை எழுதுவது?

இந்த அலட்சியத்தின் விலை 2019-ல் தெரிந்தது. மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றும்படி பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பிப்ரவரி 28 அன்று அதே நீதிமன்றம் உத்தரவை நிறுத்திவைத்து, எந்த முறையில் நிராகரித்தீர்கள் என்று மாநிலங்களைக் கேட்டது.

தனிப் பட்டாவைவிடச் சமூக வன உரிமைதான், அதாவது காட்டை ஊரே சேர்ந்து பயன்படுத்தும் உரிமைதான், பெரிது என்பது என் வாதம். தேன், கடுக்காய், சீமாறுப் புல், மேய்ச்சல் எதுவும் ஒரு குடும்பத்தின் வேலிக்குள் அடங்காது. மலைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன மலையில், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே 2011-ல் சோளகருக்கு அந்த உரிமை கிடைத்தது. அதைச் சொன்னால் இங்கே கூட்டத்தில் முதல் கேள்வி, "அப்ப எங்களுக்கு ஏன் இல்ல?" அடுத்து வந்த வேலை, ஊர் பயன்படுத்தும் காட்டின் எல்லை வரைபடம். ஆண்கள் ஓடையோடு நிறுத்திக்கொண்டார்கள். புல் அறுக்கப் போகும் பெண்கள் அதைத் தாண்டி இரண்டு குன்றைச் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தே அனுப்பினோம்.